இன்னொரு கப் கேட்கலாமா? குறுகிய விமானப் பயணத்தில் பானம் கேட்கும் முறை

ஒன்றிரண்டு மணி நேரமே பறக்கும் விமானத்தில், எகானமி வகுப்பில், முதல் கப் தண்ணீரையோ ஜூஸையோ குடித்த பிறகு இன்னொன்று கேட்பதில் தவறு எதுவும் இல்லை. விமானப் பணியாளர்களும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கேட்கும் நேரம், கேட்கும் விதம், கேட்கும் பொருள் ஆகிய மூன்றையும் பொறுத்து அதே கோரிக்கை சில வினாடி வேலையாக முடியலாம். கடைசி வரிசைப் பயணிகளுக்கு எதுவும் வந்து சேராமல் போகவும் காரணமாகலாம்.

பயணிகளில் இரு வகையினர் இங்கே தடுமாறுகிறார்கள். தொண்டை வறண்டாலும் 'கேட்டால் என்ன நினைப்பார்களோ' என்று கூச்சப்பட்டு வாய் திறக்காதவர்கள் ஒரு வகை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. விமானத்துக்குள் பரிமாறும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் கூச்சத்துக்கும் இடமில்லை, அதிகாரத்துக்கும் இடமில்லை. அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது நேரம்.

ஒரு பயணிக்குப் பதின்மூன்று வினாடி

சென்னையிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் விமானத்தின் பயண நேரம் அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம் என்றிருக்கும். ஓடுபாதை வரை மெதுவாக ஊர்ந்து செல்லும் நேரமும், தரையிறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வந்து சேரும் நேரமும் அதிலேயே அடக்கம். விமானம் வானத்தில் இருப்பது சுமார் ஐம்பது நிமிடம். சென்னை - பெங்களூரு பயணத்தில் அது இன்னும் குறைவு.

அந்த ஐம்பது நிமிடமும் பரிமாறக் கிடைப்பதில்லை. விமானம் மேலேறும் முதல் பத்து நிமிடம் பணியாளர்களும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கத் தொடங்கியதும் குப்பையைச் சேகரித்து, டிராலிகளைப் பூட்டி, ஒவ்வொரு வரிசையிலும் பெல்ட், சாய்ந்த இருக்கை, மடக்கு மேசை, காலடியில் கிடக்கும் பை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அதற்கு இருபது நிமிடம் போய்விடும். நடுவில் மிஞ்சுவது இருபது நிமிடம்தான்.

இப்போது ஆட்களின் எண்ணிக்கையைப் பார்க்கலாம். ஐம்பது இருக்கைகளுக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும் என்பது பல நாடுகள் பின்பற்றும் பாதுகாப்பு விதி. அதன்படி 180 இருக்கை கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானத்தில் நான்கு பேர் இருப்பார்கள். சிறு நகரங்களுக்குப் பறக்கும் 78 இருக்கை ஏடிஆர் விமானத்தில் இரண்டே பேர். நான்கு பேரும் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து இரண்டு டிராலிகளைத் தள்ளினால் ஒவ்வொரு ஜோடியும் தொண்ணூறு பேரைக் கவனிக்க வேண்டும். இருபது நிமிடத்தைத் தொண்ணூறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சுமார் பதின்மூன்று வினாடி வரும். ஒருவர் கூடுதலாக ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால் நான்கைந்து பேருடைய பங்கு அதில் போய்விடுகிறது.

டிராலியின் வடிவமும் இந்த நெருக்கடியைக் கூட்டுகிறது. அது சுமார் முப்பது சென்டிமீட்டர் அகலம் கொண்டது. இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழியின் அகலமோ ஐம்பது சென்டிமீட்டர் அளவுதான். டிராலி வழியில் நின்றால் அதைத் தாண்டி யாரும் போக முடியாது. கழிப்பறைக்குப் போகிறவரும் காத்திருக்க வேண்டியதுதான். கடந்துபோன டிராலியை ஒருவருக்காகப் பின்னால் இழுத்து வருவதும் எளிதல்ல. 'பிறகு கேட்டுக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டு, டிராலி நான்கு வரிசை தாண்டியதும் கூப்பிடுவது பணியாளர்களுக்குச் சங்கடம் தருவது இதனால்தான்.

பணியாளர்களின் முதல் வேலை பரிமாறுவது அல்ல, பாதுகாப்பு. பாதி வாசல்கள் மட்டுமே பயன்படும் நிலையிலும் 90 வினாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான ரகத்துக்குப் பறக்கும் சான்றிதழ் கிடைக்கும். அந்த வெளியேற்றத்தை நடத்த வேண்டியவர்கள் இவர்களே. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 2024 டிசம்பரில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதுவரை விமானம் 10,000 அடிக்கு இறங்கும்போது தொடங்கிய தரையிறங்கும் ஆயத்தத்தை, 18,000 அடியிலேயே தொடங்கச் சொன்னது. இறங்கும்போது ஏற்படும் குலுக்கலில் பணியாளர்கள் காயமடைவதைக் குறைப்பதே நோக்கம். பயணிகளின் கணக்கில் பரிமாறும் நேரம் இன்னும் சில நிமிடம் சுருங்கியது.

எது இலவசம், எது விலைக்கு

'இன்னொரு கப்' என்பதன் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் விலையிலேயே சாப்பாட்டையும் பானத்தையும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. இந்தியாவில் ஏர் இந்தியா அந்த வகை. அங்கே கூடுதலாக ஒரு கப் தண்ணீரோ தேநீரோ கேட்பது இயல்பான விஷயம். டிராலியில் இருந்தால் கொடுப்பார்கள்.

பட்ஜெட் விமானங்களில் கதை வேறு. 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கியபோது, குறைந்த கட்டணம், வேண்டியதை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற முறை இந்திய வானத்துக்கு வந்தது. 2006-ல் பறக்கத் தொடங்கிய இண்டிகோவும் அதே வழியில் சென்றது. இங்கே ஜூஸ், காபி, நூடுல்ஸ் எல்லாமே விற்பனைப் பொருள்கள். இரண்டாவது காபி வேண்டுமென்றால் இரண்டாவது முறையும் பணம் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் எத்தனை வாங்கினாலும் அதில் கூச்சத்துக்கு வேலையில்லை. குடிதண்ணீர் மட்டும், பாட்டிலாக இல்லாமல் பேப்பர் கப்பில் கேட்டால் இந்திய பட்ஜெட் விமானங்களில் காசில்லாமல் கிடைக்கும். ஐரோப்பாவில் இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. ரயன்ஏர் போன்ற நிறுவனங்களில் தண்ணீருக்கும் விலை உண்டு.

இலவசத்துக்கும் விற்பனைக்கும் நடுவே ஊசலாடிய நிறுவனங்களும் இருக்கின்றன. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் கூல்டிரிங்ஸும் தண்ணீரும் இலவசம் என்பது நீண்ட நாள் வழக்கம். எரிபொருள் விலை உச்சத்துக்குப் போன 2008-ல் யுஎஸ் ஏர்வேஸ் அவற்றுக்கு இரண்டு டாலர் வசூலிக்கத் தொடங்கியது. மற்ற பெரிய நிறுவனங்கள் பின்தொடரவில்லை. 2009 மார்ச்சில் அது பழையபடி இலவசத்துக்கே திரும்பியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017 ஜனவரியில் ஐரோப்பியக் குறுந்தூர விமானங்களின் எகானமி வகுப்பில் இலவசச் சிற்றுண்டியையும் பானத்தையும் நிறுத்திவிட்டு விற்பனைக்கு மாறியது. 2021-ல் ஒரு சிறு தண்ணீர் பாட்டிலும் கொறிக்க ஒரு பொட்டலமும் மீண்டும் இலவசமாயின.

இலவசம் என்றாலும் கையிருப்புக்கு எல்லை உண்டு. 180 பேருக்குத் தலைக்கு 200 மில்லி தண்ணீர் என்றாலே 36 கிலோ எடை. ஒவ்வொரு கிலோவும் எரிபொருள் செலவு என்பதால் குறுந்தூர விமானத்தில் தேவைக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஏற்றுவார்கள். சில விமானங்கள் ஒரே நாளில் நான்கைந்து முறை பறக்கும். காலையில் ஏற்றிய சரக்கே மாலைப் பயணத்துக்கும் ஓடும். கடைசிப் பயணத்தில் 'ஆப்பிள் ஜூஸ் தீர்ந்துவிட்டது' என்று சொன்னால் அது சாக்குப்போக்கு அல்ல.

கேட்க ஏற்ற நேரம்

விமானத்தில் ஏறும் நேரம் பானம் கேட்க ஏற்றதல்ல. அப்போது பணியாளர்கள் ஆட்களை எண்ணுவார்கள், பைகளுக்கு மேலே இடம் தேடுவார்கள், அவசர வாசல் அருகே உட்கார்ந்தவர்களுக்கு விளக்கம் சொல்வார்கள். மாத்திரை போட வேண்டியவர் ஒரு வாய்த் தண்ணீர் கேட்பது மட்டும் விதிவிலக்கு.

டிராலி தன் வரிசைக்கு வந்து நிற்கும் தருணமே மிகச் சிறந்த நேரம். தனக்கு நிறையத் தாகம் என்று முன்பே தெரிந்தவர், 'ஒரு ஜூஸ், கூடவே ஒரு கப் தண்ணீர்' என்று அப்போதே சேர்த்துக் கேட்டுவிடலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றுவதற்கு ஆகும் நேரம், பிறகு தனியாக ஒரு முறை நடந்து வந்து கொடுக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. பேராசை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். தண்ணீரும் இன்னொரு பானமும் சேர்த்துக் கேட்பது விமானங்களில் அன்றாடம் நடப்பது.

அடுத்த நல்ல வாய்ப்பு, குப்பை சேகரிக்க அவர்கள் திரும்ப வரும்போது. காலிக் கப்பை நீட்டும்போதே 'இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?' என்று கேட்கலாம். எல்லோருக்கும் ஒரு சுற்று கொடுத்து முடித்த நேரம் என்பதால் மிஞ்சியது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தரவும் முடியும், முடியாவிட்டால் உடனே சொல்லவும் முடியும்.

முதல் சுற்று இன்னும் பின்வரிசைகளை எட்டாதபோது இரண்டாவது கேட்பது முறையல்ல. முன்வரிசைக்காரர் மூன்றாவது கப் குடித்துக்கொண்டிருக்க, முப்பதாவது வரிசைக்காரர் முதல் கப்புக்குக் காத்திருக்கும் நிலை வரக் கூடாது.

இறங்கப் போவதாக விமானி அறிவித்த பிறகு கேட்பதை விட்டுவிட வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின்படி, விமானம் ஓடுபாதையை நோக்கி நகரும்போதோ மேலேறும்போதோ தரையிறங்கும்போதோ, நிறுவனம் கொடுத்த உணவும் பானமும் பயணி முன்னால் இருக்கவே கூடாது. மற்ற நாடுகளிலும் நடைமுறை இதுவே. அந்த நேரத்தில் மறுப்பது பணியாளரின் விருப்பம் அல்ல, கடமை.

கேட்கும் விதம்

டிராலி இரண்டு வரிசை முன்னால் இருக்கும்போதே எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது பாதி வேலையை முடித்துவிடும். காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் இரைச்சலில் ஒருவர் இரண்டு முறை 'என்ன வேண்டும்' என்று கேட்பதற்குள் பதின்மூன்று வினாடி போய்விடும். 'என்னவெல்லாம் இருக்கிறது?' என்ற கேள்விக்கும் அதே கதிதான். முன் இருக்கைப் பையில் உணவுப் பட்டியல் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். பால், சர்க்கரை வேண்டுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.

பணியாளரின் கையைத் தொடுவது, சீருடையை இழுப்பது, விரல் சொடுக்குவது, 'உஸ்' என்று கூப்பிடுவது எல்லாம் கூடாதவை. கண்ணைப் பார்த்து லேசாகக் கை உயர்த்தினாலே போதும். 'மேடம், இன்னொரு கப் தண்ணீர் கிடைக்குமா?', 'சார், முடியும்போது கொஞ்சம் வெந்நீர் கொடுங்கள்' என்ற அளவில் கேட்கலாம். வயதில் சிறியவர்கள்தானே என்று 'வா, போ' என்று ஒருமையில் பேசுவது, அவர்கள் தமிழ் தெரிந்தவர்களாக இருந்தால், கேட்ட பானத்தைவிட அதிகமாக மனதில் நிற்கும். 'முடியும்போது' என்ற ஒரு சொல் வேலையின் வரிசையை அவர்களிடமே விட்டுவிடுகிறது.

கேன் பானங்களில் தனியாக ஒரு கேள்வி எழும். அமெரிக்க விமானங்களில் 355 மில்லி கேனைத் திறந்து, ஐஸ் நிறைந்த கப்பில் பாதியை ஒருவருக்கும் மீதியை அடுத்தவருக்கும் ஊற்றுவது வழக்கம். முழுக் கேனையும் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். கையிருப்பு இருந்தால் கேனையே கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஊற்றும் வேலை மிச்சம். கேபினுக்குள் காற்றழுத்தம் குறைவு என்பதால் கேஸ் நிறைந்த பானங்கள் தரையைவிட அதிகமாக நுரைக்கும். டயட் கோக் நுரை அடங்க நேரமெடுக்கும் என்பது பணியாளர்கள் அடிக்கடி சொல்லும் குறை. அளவு கூட வேண்டுமென்றால் 'ஐஸ் வேண்டாம்' என்று சொல்வதும் ஒரு வழி. ஐஸ் அடைத்திருக்கும் இடத்தைப் பானமே நிரப்பும்.

அழைப்பு பட்டன் எதற்காக என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அதை அழுத்துவது குற்றமல்ல. ஜன்னலோர இருக்கையில், தூங்கும் இருவரைத் தாண்டி வெளியே வர முடியாதவர், பரிமாறும் சுற்று முடிந்த பிறகு தண்ணீருக்காக ஒரு முறை அழுத்துவது சரியே. பரிமாறிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் டிராலியை விட்டுவிட்டு ஒருவர் வர வேண்டியிருக்கும். உடல்நலக் கோளாறா என்று பதறியும் வருவார்கள். காலிக் கப்பைக் கொடுப்பதற்காக அழுத்துவதும், வரும்வரை மூன்று நான்கு முறை தொடர்ந்து அழுத்துவதும் தவறான பயன்பாடு.

வழி ஓர இருக்கைக்காரருக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. சீட் பெல்ட் விளக்கு அணைந்திருக்கும்போது பின்பக்கத்தில் பணியாளர்கள் இருக்கும் சமையல் பகுதிக்கு நடந்து போய்க் கேட்கலாம். பல பணியாளர்கள் இதையே விரும்புவார்கள். திரைச்சீலை மூடியிருந்தால் உள்ளே அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். வெளியே நின்று குரல் கொடுப்பது நாகரிகம். அங்கிருக்கும் இழுப்பறைகளைத் தானே திறந்து எடுப்பதோ, வாங்கிய பிறகும் அங்கேயே நின்று அரட்டை அடிப்பதோ கூடாது.

பக்கத்து இருக்கைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜன்னலோரப் பயணியின் கப் எல்லோர் மடிக்கும் மேலே கடந்து போகும். நடுவில் இருப்பவர் அதை வாங்கிக் கொடுத்து உதவலாம், கொதிக்கும் பானமாக இருந்தால் மட்டும் தொடாமல் விடுவது நல்லது.

சூடான பானம் என்றால் கூடுதல் கவனம்

காபி, தேநீர், வெந்நீர் ஆகியவற்றை இரண்டாவது முறை கேட்கும்போது கவனிக்க வேண்டியது வானிலை. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடும் குலுக்கலில் சிக்கியது. பயணி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். சில நாள்களிலேயே, சீட் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் கொடுப்பதோடு உணவு பரிமாறுவதையும் நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொரியன் ஏர், தீக்காய ஆபத்தைக் காரணம் காட்டி எகானமி வகுப்பில் நூடுல்ஸ் கப் கொடுப்பதை நிறுத்தியது. எனவே விளக்கு எரியும்போது காபி மறுக்கப்பட்டால் வாதாட வேண்டியதில்லை. தண்ணீர் கேட்டால் அப்போதும் கிடைக்கக்கூடும்.

சூடான பானத்தை மீண்டும் ஊற்றிக்கொள்ளும்போது கப்பைக் கையில் பிடித்து நீட்டக் கூடாது. பணியாளர் நீட்டும் சிறு தட்டில் கப்பை வைத்தால், அவர் தன் பக்கம் இழுத்து, வழியின் மேலேயே ஊற்றித் திருப்பித் தருவார். சிந்தினாலும் யார் மடியிலும் விழாது. குழந்தையை மடியில் வைத்திருப்பவர் சூடான பானத்தைத் தவிர்ப்பதே நல்லது.

காபி ஏன் வீட்டுக் காபி போல் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. உயரப் பறக்கும்போது கேபின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். ஊட்டியும் கொடைக்கானலும் அந்த உயரம்தான். அங்கே தண்ணீர் சுமார் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சுவை பிடிக்கவில்லை என்று கப்பைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்பதால் பயன் இல்லை. அடுத்த கப்பும் அதே தண்ணீரில்தான் தயாராகும்.

மது: தனி விதிகள்

இந்திய உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவதில்லை. அதனால் சென்னை - டெல்லி, மதுரை - மும்பை போன்ற பயணங்களில் இந்தக் கேள்வியே எழாது. சென்னையிலிருந்து கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுப் பயணங்களிலும், அமெரிக்க, ஐரோப்பிய உள்நாட்டுப் பயணங்களிலும் எழும்.

தண்ணீரில் இரண்டாவது கப் நேரம் சார்ந்த விஷயம். மதுவில் அது பாதுகாப்பு சார்ந்தது. விமான நிறுவனம் பரிமாறும் மதுவைத் தவிர வேறு எதையும் விமானத்தில் குடிக்கக் கூடாது, போதையில் இருப்பதாகத் தெரிபவருக்குப் பரிமாறக் கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. பையிலோ டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பெட்டியிலோ இருக்கும் பாட்டிலைத் திறப்பது அங்கே சட்ட மீறல். பிரிட்டனில் விமானத்துக்குள் குடிபோதையில் இருப்பதே இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-ல் வெளியிட்ட விதிமுறை, ஒழுங்கீனப் பயணிகளை மூன்று நிலையாகப் பிரித்தது. போதையில் ஏற்படும் வாய்த்தகராறு முதல் நிலை. அதற்கு மூன்று மாதம் வரை பறக்கத் தடை விதிக்கலாம். அடிதடிக்கு ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயலுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு.

குறுகிய பயணத்தில் ஒன்றுக்கு மேல் கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடித்தது முழுவதும் ரத்தத்தில் ஏறும் முன்பே விமானம் தரையிறங்கிவிடும். அப்போது 'நிதானமாகத்தான் இருந்தார்' என்று பணியாளர் கணித்தது தவறாகிவிடலாம். அதனால் ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டாவதைத் தயக்கத்தோடுதான் கொடுப்பார்கள். ரயன்ஏர் தலைமைச் செயல் அதிகாரி மைக்கேல் ஓ'லீரி 2024-ல் விமான நிலைய மதுக்கூடங்களிலேயே ஆளுக்கு இரண்டு என்று வரம்பு வேண்டும் எனக் கோரியதும் குடிபோதைத் தகராறுகளைக் காரணம் காட்டித்தான்.

உடல்நலக் காரணமும் இருக்கிறது. ஜெர்மனியின் கொலோனில் நடந்த ஓர் ஆய்வு 2024-ல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் வெளிவந்தது. கேபின் அளவுக்குக் குறைந்த காற்றழுத்தத்தில் மது குடித்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்ததும் இதயத் துடிப்பு கூடியதும் அதில் தெரியவந்தது. பணியாளர் மறுத்தால் அதை ஏற்றுக்கொண்டு தண்ணீருக்கு மாறுவதே சரி. பக்கத்து இருக்கைக்காரரை வாங்கச் சொல்லி வாங்கிக் குடிப்பது இருவரையும் சிக்கலில் மாட்டிவிடும்.

உடலுக்கு எவ்வளவு தேவை

கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். உதடு காய்வது, தொண்டை வறள்வது, மூக்கு எரிவது இதனால்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஆரோக்கியமான உடல் நீர் இழந்து சோர்ந்துவிடாது. ஒன்றிரண்டு கப் தண்ணீர் போதும். அதற்கு மேல் குடிப்பவர் கழிப்பறையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 180 இருக்கைக்கு இரண்டு அல்லது மூன்று கழிப்பறைதான் இருக்கும். இறங்கும்போது அவையும் மூடப்படும்.

வானத்தில் சில பானங்கள் அதிகம் பிடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. தன் விமானங்களில் தக்காளி ஜூஸ் பியருக்கு நிகராகக் குடிக்கப்படுவதைக் கவனித்த லுஃப்தான்சா, ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் உதவியை நாடியது. குறைந்த காற்றழுத்தத்தில் இனிப்பும் உப்பும் நாக்கில் மங்கலாகப் படுகின்றன என்று தெரிந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபின் டாண்டோ குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், விமான இரைச்சல் இனிப்பு உணர்வைக் குறைத்துத் தக்காளி போன்றவற்றின் சுவையைத் தூக்கிக் காட்டுவது தெரியவந்தது.

தாகம் அதிகம் உள்ளவருக்கு மிக எளிய வழி, சொந்தத் தண்ணீர் பாட்டில். இந்திய உள்நாட்டுப் பயணத்தில் தண்ணீர் பாட்டிலைச் சோதனை தாண்டிக் கொண்டுபோகலாம். வெளிநாட்டுப் பயணத்தில் பல விமான நிலையங்களில் 100 மில்லி கட்டுப்பாடு உண்டு. லண்டனில் 2006 ஆகஸ்டில் திரவ வெடிபொருள் சதி முறியடிக்கப்பட்ட பிறகு வந்தது அது. காலி பாட்டிலோடு சோதனையைத் தாண்டி, உள்ளே இருக்கும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

தயங்காமல் கேட்க வேண்டியவர்கள்

மேலே சொன்ன நேரக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாத சூழல்கள் உண்டு. மயக்கம் வருபவர், சர்க்கரை குறைந்து கை நடுங்கும் நீரிழிவு நோயாளி, வாந்தி எடுத்தவர், மாத்திரை போட வேண்டியவர், கர்ப்பிணி, குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் தேவைப்படும் தாய் ஆகியோர் எந்த நேரத்திலும் கேட்கலாம். அழைப்பு பட்டனையும் அழுத்தலாம். காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டால் பணியாளர் வேலை வரிசையை மாற்றிக்கொள்வார். பட்ஜெட் விமானத்தில் சர்க்கரை குறைந்தவருக்கு ஜூஸ் தேவையென்றால், பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிடுவார்கள்.

விமானம் தரையிலேயே நீண்ட நேரம் காத்து நின்றாலும் கணக்கு மாறும். அமெரிக்காவில் 2010-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஓடுபாதைப் பகுதியில் இரண்டு மணி நேரத்துக்குள் பயணிகளுக்குத் தண்ணீரும் சிற்றுண்டியும் தர வேண்டும், கழிப்பறை இயங்க வேண்டும். இந்தியாவில் இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், நேரத்துக்கு வந்து பதிவு செய்த பயணிக்கு உணவும் பானமும் தருவது நிறுவனத்தின் கடமை. அங்கே கேட்பது உரிமை.

மறுப்பு, டிப்ஸ், காலிக் கப்

'இப்போது முடியாது' என்றால் எப்போது முடியும் என்று ஒரு முறை கேட்கலாம். 'தீர்ந்துவிட்டது' என்றால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதோடு நிறுத்திக்கொள்வதே அழகு. இலவசமாகத் தர வேண்டியதை மறுத்தார்கள் என்று தோன்றினால், விமானத்துக்குள் குரல் உயர்த்துவதைவிட, பயண எண், தேதி, இருக்கை எண்ணோடு பிறகு நிறுவனத்துக்கு எழுதுவது பலன் தரும்.

டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் விமானங்களில் பொதுவாக இல்லை. அமெரிக்காவின் ஃபிரான்டியர் நிறுவனம் விற்பனைக் கருவியிலேயே அதற்கு வழி வைத்திருப்பது அரிதான விதிவிலக்கு. மற்ற இடங்களில் நன்றி சொல்வது போதும். நன்றாகக் கவனித்தவரின் பெயரைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு நான்கு வரி எழுதினால் அது அவருடைய பணிப் பதிவில் சேரும் வாய்ப்பும் உண்டு.

காலிக் கப்பை முன் இருக்கைப் பையில் செருகாமல், குப்பை சேகரிக்க வரும்போது கொடுத்துவிட வேண்டும். குறுந்தூர விமானங்கள் தரையிறங்கிய அரை மணி நேரத்தில் அடுத்த பயணத்துக்குக் கிளம்புகின்றன. பட்ஜெட் நிறுவனங்களில் அந்த இடைவெளியில் கேபினைச் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் அதே நான்கு பணியாளர்கள்தான். மூன்று கப் குடித்தவர் மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மீதம் இருந்தால் சிந்தாமல் நேராகப் பிடித்துக் கொடுத்தால், பைக்குள் கைவிட்டு ஈரக் கப்புகளைத் தேடும் வேலை அவர்களுக்கு மிச்சமாகும்.